இரவலில் எழுந்த வளாகம்

டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், எல் பாசோ நகரில், மழை அரிதாகவே எட்டிப் பார்க்கும் பிராங்க்ளின் மலைச்சரிவில், பூட்டான் நாட்டுக் கோட்டைகளின் சாயலில் ஒரு பல்கலைக்கழகம் நிற்கிறது. மேலே போகப் போக உள்நோக்கிச் சாயும் தடித்த சுவர்கள். சுவருக்குள் ஆழப் பதிந்த சன்னல்கள். கூரைக்குச் சற்றுக் கீழே கட்டடத்தைச் சுற்றி ஓடும் செங்கல் பட்டை. அந்தப் பட்டையில் வண்ண ஓடுகள் இழைத்த வட்டங்கள். அதற்கும் மேலே, சுவரைத் தாண்டி நீண்டு நிழல் விரிக்கும் கூரை. இமயத்தின் பனிக்கும் மழைக்கும் பழகிய அமைப்பு இங்கே பாலைவன வெயிலைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

இதை அரசரோ பெருஞ்செல்வரோ ஆசைப்பட்டுக் கட்டவில்லை. 1914-இல் சுரங்கக் கல்லூரியாகத் தொடங்கியபோது இங்கே மாணவர்கள் 27 பேர்தான். சுற்றுவட்டாரம் முழுவதும் செம்பும் வெள்ளியும் ஈயமும் தோண்டிய காலம் அது. தாது உருக்கும் பெரிய ஆலை ரியோ கிராண்டே ஆற்றங்கரையிலேயே புகைந்துகொண்டிருந்தது. 1916 அக்டோபரில் கல்லூரியின் முதன்மைக் கட்டடம் தீக்கு இரையாக, வேறு இடத்தில் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. கல்லூரித் தலைவர் ஸ்டீவ் வொரலின் மனைவி கேத்லீன், 1914 ஏப்ரல் மாத ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழில் ஜான் கிளாட் ஒயிட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி எழுதிய பூட்டான் பயணக் கட்டுரையைப் பார்த்திருந்தார். அந்தக் கோட்டைகளும் மலைச்சரிவில் நிற்கின்றன, நாமும் மலைச்சரிவில்தான் கட்டப்போகிறோம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். 1917-இல் முதல் கட்டடம் எழுந்தது. அதற்குப் பின் வந்த கட்டடங்களும் பெரும்பாலும் அதே சாயலில் வந்தன. ஒரு பத்திரிகையில் அச்சான புகைப்படங்களிலிருந்து ஒரு வளாகத்துக்கே முகம் கிடைத்தது. யாருடைய முகம் அது என்று பூட்டானில் அன்று ஒருவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தக் கதையை எல்லோரும் வியந்து சொல்வார்கள். எனக்கு வியப்பைவிட ஒரு கேள்விதான் மிஞ்சுகிறது. இரவல் வாங்கியது எப்போது சொந்தமாகிறது? இந்தப் பல்கலைக்கழகத்தின் நூறாண்டு வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி அது. கட்டடத்தில் அது பாதிப்பில்லாத கேள்வி. மனிதர்கள் விஷயத்தில் அப்படி இல்லை.

எல் பாசோ டெக்சாஸில் இருந்தும் டெக்சாஸில் இல்லாத ஊர். மாநிலத்தின் பெரும்பகுதிக்கு ஒரு கடிகாரம் என்றால் இவ்வூருக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடும் வேறு கடிகாரம். ஹூஸ்டனுக்குப் போவதைவிடக் கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்குப் போவது பக்கம். ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ். ஆஸ்டினில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தின் கிளையாகவே இக்கல்லூரி நெடுங்காலம் பார்க்கப்பட்டது. பெயர் மாறிக்கொண்டே இருந்தது: சுரங்கக் கல்லூரி, 1949-இல் டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி, 1967-இல் எல் பாசோவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம். மார்ச் 17 அன்று, பொறியாளர்களின் காவல் புனிதர் என்று செயின்ட் பேட்ரிக்கைக் கொண்டாடிப் புதிய மாணவர்களைக் கல்லுக்கு முத்தமிட வைக்கும் பழைய வழக்கமும், அணிகளுக்குச் சுரங்கத் தொழிலாளர் என்ற பொருளில் ‘மைனர்ஸ்’ என்று வைத்த பெயரும் தொடக்க நாள்களின் மிச்சம்.

1954-இல் தெல்மா ஒயிட் என்ற கறுப்பினப் பெண் இக்கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். எல் பாசோவின் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறியவர். அவர் கறுப்பினத்தவர் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் போனார். 1955-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டே கறுப்பின மாணவர்கள் பன்னிரண்டு பேர் உள்ளே வந்தார்கள். தெல்மா ஒயிட் வரவில்லை. வழக்கு நடந்த நாள்களில் அவர் பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டிருந்தார். அங்கேயே படிப்பைத் தொடர்ந்தார். யார் பெயரால் கதவு திறந்ததோ அவர் அந்தக் கதவின் வழியாக ஒருநாளும் வகுப்புக்குப் போகவில்லை. இப்பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் நான் அதிகம் நிற்கும் இடம் இதுதான். 1966-இல் இக்கல்லூரி வென்ற தேசியக் கூடைப்பந்துக் கோப்பையைப் பற்றிச் சொல்கிறவர்கள் பலரும் இவர் பெயரைத் தவிர்த்துவிட்டுத் தொடங்குகிறார்கள். இவரில்லாமல் அந்தக் கோப்பை இல்லை.

ஏனென்றால் அடுத்த ஆண்டே, 1956-இல், சார்லி பிரவுன் என்ற கறுப்பின வீரர் இக்கல்லூரியின் கூடைப்பந்து அணியில் சேர்ந்தார். தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் அதை நினைத்துக்கூடப் பார்க்காத காலம். பிறகு நோலன் ரிச்சர்ட்சன் வந்தார். எல் பாசோவின் செகுண்டோ பாரியோ என்னும், மெக்சிக வம்சாவளியினர் வாழும் எளிய குடியிருப்பில் பாட்டியிடம் வளர்ந்தவர். ஸ்பானிய மொழி அவருக்குத் தெருவிலேயே வந்தது. அவர் ஆடிக்கொண்டிருக்கும்போது, 1961-இல், டான் ஹாஸ்கின்ஸ் என்ற இளம் பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். அதுவரை சிற்றூர்ப் பள்ளிகளில் பயிற்சி கொடுத்தவர். இங்கே வேலை கிடைத்தபோது மனைவி மக்களோடு மாணவர் விடுதியிலேயே தங்கி, அதைக் கண்காணிக்கும் பொறுப்பையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார். பணமில்லாத வட்டாரக் கல்லூரியின் நடைமுறை அது.

பெரிய கல்லூரிகள் அழைக்காத திறமைசாலிகளை ஹாஸ்கின்ஸ் தேடினார். டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கிலிருந்து பாபி ஜோ ஹில். எஃகு ஆலைகளின் ஊரான கேரியிலிருந்து ஆர்ஸ்டன் ஆர்ட்டிஸும் ஹாரி ஃப்ளோர்னாயும். ஹூஸ்டனிலிருந்து டேவிட் லாட்டின். நியூயார்க்கிலிருந்து வில்லி வொர்ஸ்லி, நெவில் ஷெட், வில்லி கேகர். பாலைவனத்தைப் பார்த்திராத நகரத்துப் பையன்கள்.

1966 மார்ச் 19. மேரிலாந்து மாநிலத்தின் கோல் ஃபீல்டு ஹவுஸ் அரங்கில் தேசிய இறுதிப் போட்டி. எதிரில் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த கென்டக்கி பல்கலைக்கழகம். அதன் பயிற்சியாளர் அடால்ஃப் ரப் அதற்குள் நான்கு தேசியக் கோப்பைகளை வென்றவர். கென்டக்கி அணியில் எல்லோரும் வெள்ளையர். ஹாஸ்கின்ஸ் தொடக்கத்தில் இறக்கிய ஐவரும் கறுப்பர்கள். அன்று இரவு முழுவதும் அவர் களத்துக்கு அனுப்பிய ஏழு பேரும் கறுப்பர்களே.

ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பேசும் தருணம் முதல் பாதியில் வருகிறது. கென்டக்கியின் ஆட்டக்காரர் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறார். ஹில் குனிந்து கையை நீட்டி அதைத் தட்டிப் பறித்து, எதிர்க்கூடையை நோக்கி ஓடி, எளிதாகப் போட்டுவிடுகிறார். கென்டக்கி மறுபடி பந்தை எடுத்து வருகிறது. வேறொரு ஆட்டக்காரர். அதே ஹில், அதே குனிவு, அதே பறிப்பு. மறுபடி இரண்டு புள்ளி. சில நொடிகளுக்குள் இரண்டு முறை.

ஆனால் எனக்கு அந்தப் பறிப்பைவிட ஆட்டத்தின் கணக்குத் தாள்தான் நிறையச் சொல்கிறது. கென்டக்கி கூடையில் போட்டது 27 முறை. டெக்சாஸ் வெஸ்டர்ன் 22 முறைதான். களத்தில் ஓடியாடிப் போட்டதில் கென்டக்கியே முன்னால். ஃப்ரீ த்ரோவில் கென்டக்கி 11, டெக்சாஸ் வெஸ்டர்ன் 34 வாய்ப்பில் 28. அங்கேதான் 72-65 என்று ஆட்டம் முடிந்தது. ஃப்ரீ த்ரோ என்பது ஓட்டமோ பாய்ச்சலோ அல்ல. அரங்கம் முழுவதும் கூச்சலிட, கோட்டில் தனியாக நின்று, மூச்சை அடக்கி, பயிற்சியில் ஆயிரம் முறை செய்ததை இன்னொரு முறை செய்வது. கறுப்பின வீரர்களுக்கு உடல் வேகம் உண்டு, நெருக்கடியில் நிதானம் கிடையாது, களத்தில் ஒரு வெள்ளையராவது இருந்து வழிநடத்த வேண்டும் என்று அன்றைய பயிற்சியாளர்கள் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கான பதில் அந்த 28-இல் இருக்கிறது.

வெற்றிக்குப் பிறகு வலையை அறுத்து எடுப்பது வழக்கம். அவர்களுக்கு யாரும் ஏணி கொண்டுவந்து கொடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் தூக்கித்தான் எட்டினார்கள். பின்னால் ஹாஸ்கின்ஸுக்கு வசைக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. திறமையானவர்களை ஆடவைத்தேன், அவ்வளவுதான் என்பதே அவர் கடைசிவரை சொல்லிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொண்டன. கென்டக்கியே 1969-இல் சேர்த்தது.

2006-இல் வந்த ‘குளோரி ரோடு’ திரைப்படம் இங்கேதான் மங்களம் பாடுகிறது. அந்தப் படத்தில் பயிற்சியாளர் வந்த முதல் ஆண்டே கோப்பை கிடைத்துவிடும். நடப்பில் அது அவருடைய ஐந்தாவது பருவம். அதற்கு முன்னால் ஒரு நீதிமன்றமும், பத்தாண்டுக் காலமும், பெயர் வெளியே வராத மாணவர்களும் இருந்தார்கள். கோப்பைக்குப் பிறகு நடந்ததோ படத்தில் இல்லவே இல்லை.

1968-இல் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ், அமெரிக்காவின் கறுப்பின விளையாட்டு வீரர்கள் நடத்தப்படும் விதத்தைப் பற்றி ஒரு தொடர் வெளியிட்டது. அதில் முதன்மையான குற்றச்சாட்டுக்கு ஆளான வளாகங்களில் ஒன்று, கறுப்பின வீரர்களால் உலகப் புகழ் பெற்ற இதே எல் பாசோ. களத்தில் கைதட்டல், வெளியே வாடகைக்கு வீடு கிடைப்பதில் தொல்லை, படிப்பைப் பற்றி அக்கறை இல்லாமை, வீரர்களை இழிசொல்லால் குறிக்கும் நிர்வாகம் என்று அந்தத் தொடர் அடுக்கியது. கோப்பை வென்ற கறுப்பின வீரர்கள் பட்டம் பெறவில்லை என்றும் எழுதியது. தொடர் ஒருதலைப்பட்சமானது என்று ஹாஸ்கின்ஸ் ஆயுள் முழுதும் கசந்துகொண்டார். வீரர்களில் சிலர் பின்னாளில் பட்டத்தை முடித்தும் காட்டினார்கள். ஆனால் அதே 1968-இல் நடந்த ஒன்றை யாரும் மறுக்க முடியாது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாள்களில், தடகள அணியின் கறுப்பின வீரர்கள், பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு எதிரான போட்டியில் கலந்துகொள்ள மறுத்தார்கள். அப்பல்கலைக்கழகத்தை நடத்திய திருச்சபை அன்று கறுப்பர்களுக்குக் குருத்துவம் மறுத்துவந்தது. மறுத்த வீரர்களைப் பல்கலைக்கழகம் அணியிலிருந்து நீக்கியது.

நீக்கப்பட்டவர்களில் ஒருவர் பாப் பீமன். அந்த அக்டோபர் 18 அன்று மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் நீளம் தாண்டினார்: 8.90 மீட்டர். அதுவரை இருந்த உலகச் சாதனையை 55 சென்டிமீட்டர் கடந்த தாண்டல். 1991 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை. ஒலிம்பிக் சாதனையாக இன்றும் அதுவே நிற்கிறது. அவர் மணலில் இறங்கிய அந்த நொடியில் எந்தக் கல்லூரி அணியும் அவரைத் தன்னவர் என்று சொல்லும் நிலையில் இல்லை.

1966-ஐயும் 1968-ஐயும் தனித்தனியாக வைத்துப் பேசுவது எளிது. ஒன்றைப் பெருமைக் கணக்கிலும் இன்னொன்றைக் குறைக் கணக்கிலும் எழுதிவிடலாம். எனக்கு இரண்டும் ஒரே நிகழ்வாகத்தான் தெரிகிறது. ஆடத் தெரிந்தவர்களை உள்ளே விட்ட கல்லூரி, ஆட மறுத்தவர்களை வெளியே அனுப்பியது. அப்படியென்றால் முதலில் உள்ளே விட்டது யாரை? அந்தப் பையனையா, அவன் கொண்டுவந்த கால்களையும் கைகளையுமா? ஒருவன் பயன்படும்வரை வைத்துக்கொண்டு, பயன்பட மறுத்ததும் அனுப்பிவிட்டால், அவன் அங்கே ஒருநாளும் மாணவனாக இருந்ததில்லை. இரவல் பொருளாக இருந்திருக்கிறான். கல்வி நிலையத்தில் ஒருவர் சேர்ந்துவிட்டார் என்பதற்கு அடையாளம், அவர் அங்கே தோற்கலாம், மறுத்துப் பேசலாம், அதற்குப் பிறகும் அவருடைய நாற்காலி அங்கேயே இருக்கும் என்பது. அந்த உத்தரவாதம் இல்லாத இடத்தில் எத்தனை கோப்பை இருந்தாலும் அவை வென்றவர்களுக்குச் சொந்தம், நிலையத்துக்குச் சொந்தமல்ல.

வெற்றி பெற்ற அந்த அணியில் டேவிட் பலாசியோ என்ற பையனும் இருந்தார். எல் பாசோக்காரர், மெக்சிக வம்சாவளி. இறுதி ஆட்டத்தில் அவர் களமிறங்கவில்லை. பல்கலைக்கழகத்தின் எதிர்காலம் அன்று அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். அடுத்து வந்ததைப் பார்த்தால் மிகையில்லை.

1971-இல் டயானா நட்டலிசியோ என்ற மொழியியலாளர் இங்கே ஆசிரியராக வந்தார். குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர். பள்ளி முடித்ததும் ஓர் ஆலையில் டெலிபோன் சுவிட்ச்போர்டில் வேலை பார்த்தவர். 1988-இல் தலைவரானார். 2019 வரை அந்த நாற்காலியில் இருந்தார். அன்று பல்கலைக்கழகங்களுக்கு இருந்த பாதை தெளிவானது: தரம் உயர வேண்டுமென்றால் சேர்க்கையைச் சுருக்கு, அதிக மதிப்பெண் உள்ள வெளியூர்ப் பிள்ளைகளைப் பிடி. அவர் அந்தப் பாதையில் போகவில்லை. இந்த ஊரில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் நம் மாணவர்கள், அவர்களை வைத்துக்கொண்டே முதல்தர ஆராய்ச்சி நிலையமாவோம் என்றார். நடக்காது என்றவர்கள் அதிகம். இன்று இங்கே படிப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அவர் விடைபெறும் நேரத்தில், ஆராய்ச்சியில் நாட்டின் மிக உயர்ந்த வரிசையில் இப்பல்கலைக்கழகம் இடம்பெற்றுவிட்டது.

வளாக வாழ்க்கை என்றதும் புல்வெளியில் கிதார் வாசிக்கும் விடுதி மாணவர்களை நினைப்பவர்களுக்கு எல் பாசோ ஏமாற்றம் தரும். பெரும்பாலானவர்கள் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். வேலைக்குப் போகிறவர்கள். தம்பி தங்கைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவர்கள். ஹுவாரெஸில் குடியிருக்கும் மாணவர்கள் விடிவதற்குள் எழுந்து, எல்லைப் பாலத்தில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்று, சோதனை முடிந்து, முதல் வகுப்புக்கு ஓடி வருகிறார்கள். வரிசை நீண்டால் வகுப்பு போயிற்று. தேர்வு நாளன்று பாலத்தில் என்ன நிலவரம் என்று முந்தின இரவே விசாரித்து வைக்க வேண்டும். வசதி குறைந்த மெக்சிக மாணவர்கள் உள்மாநிலக் கட்டணத்திலேயே படிக்க டெக்சாஸ் சட்டம் வழிசெய்திருக்கிறது. நடைபாதையில் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் தொடங்கி ஸ்பானிய மொழியில் முடிகிறது. இரண்டு மலைகளுக்கு நடுவே குடைந்து கட்டிய சன் பௌல் மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து அணி வெல்வதைவிடத் தோற்பதே அதிகம். ஆனாலும் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருகிறார்கள். தாத்தா பார்த்த அணி, பேத்தி படிக்கும் கல்லூரி. தோற்கும் அணிக்காக ஆண்டுதோறும் வரும் அந்தக் கூட்டத்தை நான் கோப்பைக்கு நிகராக மதிக்கிறேன்.

பூட்டானோடு கொண்ட உறவும் மெல்ல மெல்ல நேரானது. அங்கிருந்து மாணவர்கள் படிக்க வந்தார்கள். 2008-இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நாட்டுப்புறக் கலை விழாவுக்காகப் பூட்டான் கைவினைஞர்கள் ஒரு கோயிலைச் செதுக்கி எழுப்பினார்கள். அதைப் பூட்டான் அமெரிக்க மக்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது; அது வந்து சேர்ந்த இடம் எல் பாசோ வளாகம். புகைப்படம் பார்த்துக் கட்டிய கட்டடங்களுக்கு நடுவே, பூட்டான் கைகளே செதுக்கிய மரத்தூண்களோடு ஒரு கட்டடம். கேட்காமல் எடுத்துக்கொண்ட ஒன்றை, உரியவர்களே வந்து, எங்களுடையதுதான், வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்த கொடை அது.

1966 அணியினரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 2007-இல் அணி முழுவதையும் கூடைப்பந்துப் புகழரங்கம் சேர்த்துக்கொண்டது. நோலன் ரிச்சர்ட்சன் அதற்குள் ஆர்கன்ஸாஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக 1994-இல் தேசியக் கோப்பையே வென்றிருந்தார். பாபி ஜோ ஹில் எல் பாசோவிலேயே வேலை பார்த்து, அங்கேயே வாழ்ந்து, 2002-இல் மறைந்தார். புகழரங்கச் செய்தியைக் கேட்க அவர் இல்லை.

இப்போது ஆட்டத்தின் பொருளாதாரம் தலைகீழாகிவிட்டது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-இலிருந்து பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். வீரர்கள் அணி மாறுவதும் எளிதாகிவிட்டது. இதனால் வட்டாரப் பல்கலைக்கழகங்கள் நொந்துபோயிருக்கின்றன: இரண்டு ஆண்டு பாடுபட்டு ஒரு பையனை உருவாக்கினால், பணக்காரப் பல்கலைக்கழகம் அடுத்த பருவத்துக்குள் அவனை அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பையன் போவதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பீமனுக்கு இந்த உரிமை இருந்திருந்தால் அவரை அப்படி நீக்கியிருக்க மாட்டார்கள். எல் பாசோ போன்ற ஒரு வளாகம் பணத்தில் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். அணி மாறிப் போனவனும் முழங்கால் உடைந்து ஆட்டத்தை விட்டவனும் பத்து ஆண்டு கழித்து வந்து நின்றால், விட்ட பாடத்திலிருந்து படிப்பைத் தொடரலாம், கட்டணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுக்க அதனால் முடியும். சேர்க்கைக் கடிதத்தோடு சேர்த்தே அந்தத் தாளையும் கொடுக்கட்டும். ஆடுகிறவனுக்கு மட்டுமல்ல, பாலத்தில் வரிசையில் நிற்பவளுக்கும்.